நாவின் முடிச்சும் நம் கடமையும்

மூசா நபி (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சு அவிழ இறைவனை இறைஞ்சினார்கள். தம்மினும் சொல்வன்மை மிக்க உடன்பிறந்தார் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் வேண்டினார்கள். சொல் தடைப்படும் நாவுக்கு வேண்டுவது ஏளனமன்று, துணையே என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

செவியும் அறிவும் நன்கிருந்தும் சொற்களைக் கற்கவும் தொடர்களை அமைக்கவும் இடர்ப்படும் குழந்தைகள் உளர். இதனை வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்பர். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் நிகழ்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வு, 30 பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ இருவர்க்கு இக்குறை உண்டெனக் காட்டிற்று. நாமோ அவ்விருவரையும் ‘மந்தம்’ என்று கடைசி வரிசையில் அமர்த்திவிடுகிறோம்!

அந்நாட்டிலேயே மார்கரெட் சுனோலிங், சார்லஸ் ஹல்ம் ஆகியோர் குழு வகுத்த பயிற்சியொன்று 193 பள்ளிகளில் சோதிக்கப்பட்டது. மொழித்திறன் குன்றிய நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு 20 வாரங்கள் சொல்வளம், கதைகூறல், கூர்ந்து கேட்டல் ஆகியன பயிற்றப்பட்டன. எழுத்தொலிகள் பிற்பாதியிலேயே சேர்ந்தன. பயிற்றியவர் மருத்துவர் அல்லர், பள்ளி உதவியாளரே. குழந்தைகளின் பேச்சுமொழி மேம்பட்டதென 2021இல் முடிவு வெளியாயிற்று. வாசிப்பில் விளைந்த பயன் சிறிதே. எனினும் பேச்சே எழுத்தின் அடித்தளமன்றோ?

நாளை ஆசிரியராகப் போகும் மாணவச் செல்வங்களே! பள்ளியிலோ மதரசாவிலோ வாய் திறவாக் குழந்தையைக் கண்டால் பிரம்பை எடுக்காதீர். கதையொன்று சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். பெரியோர்களே! அக்குழந்தை சொல் தேடும் வரை பொறுத்திருங்கள். அப்பொறுமையே நாம் அளிக்கும் முதல் துணை.