யாரை அட்ஜஸ்ட் பண்ணுவது?

மரக்காணத்தில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்களுக்கும் தெரிந்த ஓர் ஆங்கிலச் சொல் உண்டு: அட்ஜஸ்ட். என் அம்மாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் உப்பள மேஸ்திரி. அளத்தில் கக்கூஸ் இல்லையே என்று அம்மா கேட்டபோது, "இத்தினி வருசமா மத்த பொம்பளைங்கல்லாம் இன்னா பண்ணாங்க? அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்றார். அம்மா பண்ணிக்கொண்டாள். விடியுமுன் வேலைக்குப் போகிறவள், முந்தின இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். உப்பளத்தில் மறைவுக்கு ஒரு மரம் கிடையாது. வெயில் ஏற ஏற வெள்ளைத் தரை கண்ணைக் குத்தும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், ஆனாலும் தண்ணீர்க் குடத்தின் பக்கம் போகமாட்டாள். பிறகு நீர்க்கடுப்பு வந்தது. மருந்து வாங்கப் போன இடத்தில் "தண்ணி நிறையக் குடிங்க" என்றார்கள்.

ஆங்கிலத்தில் இது அப்படியொன்றும் கெட்ட சொல் அல்ல. அகராதியைப் புரட்டினால் சரிசெய், பொருத்து, திருத்து, ஒழுங்காக்கு என்று நிறைய நிகர்ச்சொற்கள் கிடைக்கும். சைக்கிள் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்கிறோம், ஜாக்கெட்டின் தோள்பட்டையை அட்ஜஸ்ட் செய்கிறோம். எதிரே ஒரு பொருள் இருக்கிறது, அது சரியில்லை, அதை மாற்றுகிறோம். புதிய இடத்துக்குப் பழகிக்கொள்வது என்ற பொருளும் அங்கே உண்டு. நம் ஊரில் அந்த ஒரு பொருளை மட்டும் பொறுக்கி எடுத்து, அதையும் பெண்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் உப்பு விளைவதே அட்ஜஸ்ட் செய்வதால்தான். கடல்நீரின் அடர்த்தி பூமே அளவில் சுமார் 3 டிகிரி. அதைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலில் காயவைத்து, மடையைத் திறந்தும் அடைத்தும் 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உப்பு பூக்கும். 30ஐ நெருங்க விட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்து இறங்கும், அதற்குள் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். ஒரு டிகிரி பிசகினால் முதலாளிக்கு நஷ்டம். அதனால் நீரை, மடையை, வரப்பை, எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பார்கள். "உப்பே, இருக்கிற தண்ணியில அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டு விளை" என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

தமிழ் இலக்கணம் கொஞ்சம் தெரிந்தால் இந்தச் சூது பிடிபடும். 'வெட்டினான்' வேறு, 'வெட்டிக்கொண்டான்' வேறு. 'கொள்' என்ற துணைவினை ஒட்டியதும் செயல், செய்தவர் மீதே திரும்பிவிடுகிறது. பிரேக்கை அட்ஜஸ்ட் 'பண்ணு'. பெண்ணே, நீ அட்ஜஸ்ட் 'பண்ணிக்கோ'. ஒரு 'க்கோ'வில் சரிசெய்யப்பட வேண்டிய பொருளே மாறிப்போனது. கழிப்பறை இல்லாதது கோளாறு அல்ல, உன் சிறுநீர்ப்பைதான் கோளாறு.

பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆளுக்காக "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க" என்பதில் எனக்குச் சண்டை இல்லை. (அங்கேயும் முழங்காலை ஒடுக்குவது யார் என்று அடுத்த முறை பாருங்கள்.)

தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் நிகர்ச்சொற்கள் ஒத்துப்போ, விட்டுக்கொடு, பொறுத்துப்போ, அனுசரித்துப்போ. 'அனுசரி'யின் வடமொழி மூலத்துக்குப் பின்னால் போ என்றுதான் பொருள். எதிர்ச்சொற்கள் இன்னும் சுவாரஸ்யமானவை. ஆங்கில அகராதி 'கலை', 'குலை' என்று ஏதோ சொல்கிறது. எங்கள் ஊர் அகராதியில் அட்ஜஸ்ட் பண்ணாத பெண்ணுக்குத் திமிர் பிடிச்சவள், வாயாடி, அடங்காப்பிடாரி என்று பெயர். அட்ஜஸ்ட் பண்ணாத ஆணுக்கு? கறாரான ஆளு.

அளத்தில் கற்ற பாடம் அளத்தோடு நிற்பதில்லை. கல்யாணப் பேச்சில் "பொண்ணு நல்லா அட்ஜஸ்ட் பண்ணிப்பா" என்பது நற்சான்றிதழ். சினிமாவில் அதே சொல்லுக்குப் படுக்கை என்று பொருள். மலையாளத் திரையுலகப் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தபோது, 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்' இரண்டும் அங்குள்ள பெண்களுக்கு நன்கு பழக்கப்பட்ட சொற்கள் என்று அதில் பதிவாகியிருந்தது. கக்கூஸ் கேட்டவளிடமும் வாய்ப்பு கேட்டவளிடமும் ஒரே சொல்லைத்தான் நீட்டியிருக்கிறார்கள்.

கூலிக்கு வருவோம். 1976இன் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. அளத்தில் அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். ஆண் பலகையால் உப்பை வாருவான், பெண் சும்மாடு கட்டி அதைத் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவாள். இது வேறு வேலை, ஆகவே வேறு கூலி, குறைந்த கூலி. ஈர உப்பு நிறைந்த கூடையைத் தூக்கி வழுக்கும் வரப்பில் நாளெல்லாம் நடப்பதை 'லேசான வேலை' என்று சொன்னவர்கள் ஒரு நடை நடந்து பார்க்கட்டும். ஒழுகும் உப்புநீர் கழுத்து வழியாக இறங்கி முதுகுப் புண்ணில் சேரும். பாதத்தில் வெடிப்பு விழுந்தால் அந்த சீசன் முழுக்க ஆறாது.

மழை வந்தால் வேலையே இல்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும். அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அறிவித்தது, நல்லது. மூன்று மாத அடுப்பை அதற்குள் எரியவைக்கிறவள் யார் என்று சொல்ல வேண்டுமா? அவள் சாப்பாட்டிலிருந்துதான் முதல் பிடி குறையும்.

"எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினால்தான் உலகம் ஓடும்" என்று நடுநிலையாளர்கள் வருவார்கள். வரட்டும். எல்லாரும் என்றால் எல்லாரும். நீங்கள் கடைசியாக எதை விட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். என் அம்மா விட்ட தண்ணீரின் கணக்கு என்னிடம் இருக்கிறது.

அந்தச் சொல்லை ஒழிக்கச் சொல்லவில்லை. அதை அதன் பழைய வேலைக்கே திருப்பி அனுப்பலாம். மழை விட்டுப் பாத்தி மிதிக்கும் வேலை தொடங்குமுன் அட்ஜஸ்ட் பண்ண வேண்டியவை நிறைய இருக்கின்றன. தண்ணீர் வரும் குழாயும் உள்தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை, நடந்துபோகும் தூரத்தில். கூடையின் அளவு. கூலிச் சீட்டில் இரண்டு பத்தியாக இருக்கும் தொகையை ஒரே பத்தியாக்குவது. மேஸ்திரி, இதையெல்லாம் பண்ணுங்க.