வண்டிக்குப் பெட்ரோல், வயிற்றுக்கு?

திண்டுக்கல் வழியாக 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. லாரிகளும் பஸ்களும் இரவு பகலாக ஓடுகின்றன.

பெட்ரோல் பங்கில் வண்டிக்குக் காற்று இலவசம். குடிதண்ணீரும் இலவசம். பசித்த வயிற்றுக்கு? பல இடங்களில் பிஸ்கட் பொட்டலம்தான்!

போலந்து கூழ்

போலந்து நாட்டுச் சாலையோர விடுதிகளில் "ஜூரெக்" என்ற சூப் சூடாகக் கிடைக்கும். "ரை" என்னும் தானிய மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சுவது அது. நம்முடைய கம்பங்கூழும் மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சுவதுதானே! அவர்கள் பாட்டி சமையலை ரோட்டுக்குக் கொண்டு வந்தார்கள். நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

திண்டுக்கல்லுக்கு என்ன குறை? ஒட்டன்சத்திரத்தில் காய்கறி குவிகிறது. சிறுமலையில் வாழை விளைகிறது. 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய சிறு கடையின் சீரகச் சம்பா பிரியாணி ஊருக்கே பெயர் வாங்கித் தந்தது. ஆனால், தினமும் பிரியாணி சாப்பிட டிரைவரின் சட்டைப்பை தாங்குமா?

என்ன செய்யலாம்?

பங்கு முதலாளிகள் ஒரு மூலையை ஒதுக்கட்டும். மகளிர் சுய உதவிக் குழுவினர் கூழும், சோறும், குழம்பும் விற்கட்டும்.

பெட்ரோல் பக்கத்தில் நெருப்பு ஆகாது, உண்மை. வேறு இடத்தில் சமைத்து, மூடிய பாத்திரத்தில் சுடச்சுடக் கொண்டு வரலாம். விலைப் பலகையும் கட்டாயம் வேண்டும்.

டிரைவரை நம்பி ஒரு பஸ் நிறையக் குடும்பங்கள் தூங்குகின்றன. அவர் வயிறு வாடக் கூடாது!