எலும்பறுப்பான்

பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளும் உரிமை யாருக்கு என்று பிசியோதெரபிஸ்டுகளுக்கும் எம்.பி.பி.எஸ்.காரர்களுக்கும் நடக்கிற இழுபறி பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் கல்யாணப் பத்திரிகை புரூஃபோடு வந்துவிட்டார். பையன் இங்கிலாந்தில் சர்ஜன்.

"பாருங்க சார், டாக்டர்னு போடாதீங்கப்பா, மிஸ்டர்னு போடுங்கங்கிறான். இத்தனை வருஷம் படிக்க வெச்சது மிஸ்டர் ஆகவா?"

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டார். டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவல் என்றால் எனக்குப் பைத்தியம். அது அவருக்குத் தெரியாது. அதில் கிறிஸ்துமஸ் சமயம், காலையில் பிக்விக்கின் வேலைக்காரன் சாம் வெல்லர் வந்து, கீழே இரண்டு 'சாபோன்ஸ்' இருக்கிறார்கள் என்கிறான். பிக்விக் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, அப்படியென்றால் என்ன என்று விழிக்கிறார். சர்ஜனைத்தான் அப்படிச் சொல்வார்கள், இதுகூடத் தெரியாதா என்று சாமுக்கு ஆச்சரியம். ரம்பத்தால் எலும்பை அறுப்பவன். கீழே ஒருவன் மேசைமேல் காலைப் போட்டுக்கொண்டு பிராந்தி குடிக்கிறான். மற்றவன் முழங்கால்களுக்கிடையே பீப்பாயை இடுக்கிக்கொண்டு சிப்பி பிளக்கிறான். இருவருமே இன்னும் மாணவர்கள்! ஒருவன் பெயர் பாப் சாயர். சாயர் என்றாலே மரம் அறுப்பவன், டிக்கன்ஸின் குறும்பு. 'சாபோன்ஸ்' என்ற சொல்லுக்கு அகராதிகள் முதலில் காட்டுவதும் 1837-இல் வந்த அந்த நாவலைத்தான்.

மயக்கமருந்துக்கு முந்தைய காலத்தில் இந்த எலும்பறுப்பான்களுக்கு வேகம்தான் திறமை. லண்டனில் சர்ஜன் ராபர்ட் லிஸ்டன் 1846 டிசம்பர் 21 அன்று, மயக்கத்துக்கு ஈதர் கொடுத்து ஒருவரின் காலை எடுத்தார். அப்போதும் அறுப்பு அரை நிமிடத்துக்குள் முடிந்தது. கண்விழித்த நோயாளி, எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டாராம்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பட்டம் வாங்கிய பிசிஷியன்தான் டாக்டர். சர்ஜன், தொழில் பழகி வந்த கைவேலைக்காரன். 1540 முதல் 1745 வரை நாவிதர்களோடு ஒரே சங்கத்தில் இருந்தவன். அதனால் வெறும் மிஸ்டர். இன்றைக்கு எல்லோரும் ஒரே எம்.பி.பி.எஸ். படித்தாலும், சர்ஜரி பரீட்சை தேறியதும் டாக்டரை உதறிவிட்டு மிஸ்டருக்குத் திரும்புகிறார்கள், அதுவும் பெருமையாக. இந்த வீம்பு எனக்குப் பிடிக்கும்.

எதிர்வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டார். காபியையும் குடித்து முடித்தார்.

"அதெல்லாம் சரி சார். இதைப் பொண்ணு வீட்டுக்கு யார் போய்ச் சொல்றது?"