குல்மார்க்கா, ஔலியா? ஐந்து நாள் லீவுக்கு என் பதில்



என்னிடம் நான்காம் வகுப்பு படித்த ஒரு பெண் இப்போது பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். போன வாரம் போன் பண்ணி, "டீச்சர், பசங்களுக்குப் பனிச்சறுக்கு கத்துக்கொடுக்கணும். மொத்தமே அஞ்சு நாள் லீவு. குல்மார்க் போகலாமா, ஔலி போகலாமா? நீங்க ரெண்டு பக்கமும் போயிருக்கீங்களே" என்று கேட்டாள். கூடவே எழுபது வயது மாமியாரும் வருகிறாராம். பசங்க ஓட்டு குல்மார்க்குக்கு, மாமியார் ஓட்டு ஔலிக்கு. நம் சொந்தத்திலும் இரண்டு பேர் இதையே கேட்டுவிட்டதால் அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

ஐந்து நாள் என்றால் குல்மார்க்தான். அதற்குக் காரணம் பனி இல்லை, சாலை.

ஔலி உத்தரகண்டில் சமோலி மாவட்டத்தில் இருக்கிறது. விமானத்தில் டேராடூன் வரை போகலாம். அங்கிருந்து ரிஷிகேஷ். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர். நம் ஊர் நாற்கரச் சாலையை நினைத்து நாலு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை என்று ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகிற மலைப்பாதை. விடியற்காலையில் கிளம்பினால் சாயங்காலம் ஆகிவிடும். மலைச்சரிவோ பனியோ இருந்தால் அதுவும் நிச்சயமில்லை. இருட்டிய பிறகு அந்தப் பாதையில் வண்டி ஓட்டவே கூடாது. ஆக, முதல் நாள் ரிஷிகேஷ், இரண்டாம் நாள் முழுக்க வண்டி, மூன்றாம் நாள் ஔலி, நான்காம் நாள் மறுபடியும் வண்டி, ஐந்தாம் நாள் விமானம். ஐந்து நாளில் பனியில் நிற்பது ஒரே ஒரு நாள்!

ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். தங்மார்க் வரை சமவெளி மாதிரி போகலாம். அதற்கு மேல் 13 கிலோமீட்டர் ஏற்றம். பனி அதிகமாக இருந்தால் டயருக்குச் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். அப்படியும் மறுநாள் காலையிலேயே பசங்க காலில் சறுக்குப் பலகை மாட்டிவிடலாம். இரண்டரை நாள் கையில் நிற்கும்.

அந்த இரண்டரை நாள் ஏன் முக்கியம் என்றால், பனிச்சறுக்கில் முதல் நாள் முழுக்க விழுவதும் எழுவதும்தான். பலகையின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, வேகத்தைக் குறைக்கப் பழகுவதற்குள் பொழுது போய்விடும். இரண்டாம் நாள்தான் உடம்புக்குப் பிடிபட ஆரம்பிக்கும். சைக்கிள் பழகினது ஞாபகம் இருக்கிறதா? ஒரே நாளோடு திருப்பி அழைத்து வந்தால், "நமக்கு இது வராது" என்ற எண்ணம்தான் பிள்ளைகள் மனதில் தங்கும். முப்பது வருஷத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

அதனால்தான் ஸ்ரீநகரில் ரூம் போட்டுவிட்டு ஒரு நாள் மட்டும் குல்மார்க் போய் வருகிற பேக்கேஜும் வேண்டாம் என்கிறேன். அதில் மரச்சறுக்கு வண்டியில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுக்கலாம். குல்மார்க்கிலேயே இரண்டு இரவாவது தங்குங்கள். உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவரை இரண்டு நாளுக்குச் சேர்த்துப் பேசி, கூலியை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேபிள் கார் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதில் இரண்டு கட்டம். குல்மார்க் கிட்டத்தட்ட 2,650 மீட்டர், அதாவது நம் தொட்டபெட்டா உயரம்தான். முதல் கட்டம் கொங்தூரி வரை, 3,000 மீட்டருக்குச் சற்று மேல். மாமியார் அதுவரை தாராளமாகப் போகலாம், மூச்சு வாங்கினால் உடனே இறங்கிவிடலாம். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 4,000 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். எழுபது வயதுக்காரருக்கு அது தேவையே இல்லை. கற்றுக்கொள்கிற பசங்களும் அங்கே சறுக்கக் கூடாது. 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் அந்த மலைச்சரிவுகளில் பனிச்சரிவில் சிக்கி இறந்தவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்த சறுக்கு வீரர்கள். அனுபவம் உள்ளவர்களுக்கே அந்த நிலை.

இனி மாமியார் பக்கம். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஔலிக்குக் கீழே இருக்கிற ஜோஷிமட்தான் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று வைணவர்கள் சொல்கிறார்கள். பத்ரிநாத் நடை சாத்தியிருக்கும் குளிர்காலத்தில் வழிபாடு அங்குள்ள நரசிம்மர் கோயிலில் நடக்கும். பத்ரி யாத்திரையின்போது அங்கே நின்று கும்பிட்டவள் நான். அதனால்தான் சொல்கிறேன், பேரப்பிள்ளைகளின் பனியையும் பாட்டியின் பெருமாளையும் ஒரே ஐந்து நாளில் திணிக்காதீர்கள். இரண்டு நாள் வண்டியில் இடுப்பொடிந்து, கோயிலில் அரை மணி நேரம் நின்றால் அவருக்கு என்ன திருப்தி? மே மாதத்திலோ அக்டோபரிலோ தனியாகப் பத்து நாள் ஒதுக்கி பத்ரியையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். இந்த வாக்குறுதியைத் தேதியோடு கொடுத்துவிட்டு குல்மார்க் டிக்கெட் போடுங்கள்.

ஜோஷிமட் ஊரையும் நினைக்க வேண்டும். 2023 ஜனவரியில் அங்கே வீடுகளில் விரிசல் விட்டு, குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். அந்த மண் கனமான கட்டுமானத்தைத் தாங்காது என்று மிஸ்ரா குழு 1976லேயே எச்சரித்திருந்தது. ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்குப் போகிற நாலு கிலோமீட்டர் ரோப் காரையும் அப்போது நிறுத்தினார்கள். நான் போனபோது அது ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பித் திட்டம் போடாமல் 16 கிலோமீட்டர் சாலை வழியையே கணக்கில் வையுங்கள்.

ஔலியை நான் மட்டம் தட்டவில்லை. கல்லூரிப் பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு நாள் லீவு என்றால் அங்கேதான் போகச் சொல்வேன். கர்வால் மண்டல் நிகாம் ஒரு வாரப் பயிற்சி நடத்துகிறது. சரிவு ஒழுங்காக இருக்கும், கூட்டம் குறைவு, எதிரே நந்தாதேவி.

பனி இரண்டு இடத்திலும் சொல்லிவைத்தது போல் வருவதில்லை. 2023இல் ஔலியில் பனி இல்லாமல் போட்டியே ரத்தானது. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி காய்ந்து கிடந்தது. அதனால் அரையாண்டு லீவிலும் பொங்கலிலும் போகாதீர்கள், பிப்ரவரியில் போங்கள். டீச்சரே பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்கிறார்களே என்று சிரிக்க வேண்டாம். நாலாவது, ஆறாவது படிக்கிற பிள்ளைகளுக்கு மூன்று நாளில் ஒன்றும் குடிமுழுகாது.

காஷ்மீர் என்றதும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றதற்குப் பிறகு அந்தப் பயத்தை யாரும் கேலி செய்ய முடியாது. அரசு அறிவிப்புகளைப் பாருங்கள், பணம் திரும்பக் கிடைக்கிற டிக்கெட்டாகப் போடுங்கள். வீட்டில் ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றாலும் இந்த வருஷம் தள்ளிப்போடுங்கள். அதற்குப் பதிலாக அவசரமாக ஔலிக்கு ஓடாதீர்கள்.

ஸ்ரீநகரில் பனிமூட்டத்தால் விமானம் ரத்தாவது சகஜம். ஊர் திரும்பிய மறுநாளே ஆபீஸ் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, நம் ஊர் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. வீட்டில் யாரிடம் போஸ்ட்பெய்டு நம்பர் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.