கரண்ட் போன பிறகு லைன் எத்தனை நேரம் தாங்கும்? தொலைத்தொடர்பு அலாரங்கள் சொல்லும் கணக்கு

அடைமழையில் வீட்டில் கரண்ட் போய்விடுகிறது. வைஃபையும் போச்சு. ஆனால் கைப்பேசியில் லைன் இருக்கிறது. சில மணி நேரம் கழித்து அதுவும் காணாமல் போகிறது. இடையில் என்ன நடக்கிறது?

பினாங்கில் இது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பலத்த காற்றுடன் கொட்டிய மழை, தீவையும் செபராங் பிறையையும் வெள்ளக்காடாக்கியது. 7 பேர் உயிரிழந்தனர். மரங்கள் சாய்ந்தன, சாலைகள் மூழ்கின, பல இடங்களில் மின்சாரம் தடைபட்டது. அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங் இராணுவ உதவியைக் கோரினார். அப்படிப்பட்ட இரவில் 999-க்கு அழைக்க லைன் கிடைக்குமா என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ரேக்குக்குள் என்ன இருக்கு?

கைப்பேசிக் கோபுரத்தின் அடியிலும் தொலைபேசி நிலையங்களிலும் இரும்பு அலமாரி போன்ற ரேக்குகள் இருக்கும். அவற்றிலுள்ள பெரும்பாலான கருவிகள் 48 வோல்ட் நேர் மின்சாரத்தில் இயங்குகின்றன. வெளியிலிருந்து வரும் மாறு மின்சாரத்தை ரெக்டிஃபையர் என்ற கருவி நேர் மின்சாரமாக மாற்றுகிறது. அதே இணைப்பில் பேட்டரிகளும் எப்போதும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். அதனால் கரண்ட் போனாலும் கருவிகள் ஒரு நொடிகூட நிற்பதில்லை.

அலாரம் யாருக்குக் கேட்கும்?

பெரும்பாலும் அந்த இடத்தில் ஆளே இருப்பதில்லை. அலாரம் என்பது தொலைவில் உள்ள கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் தோன்றும் ஒரு வரி. முதலில் 'மின்சாரம் இல்லை' என்று வரும். அடுத்து 'பேட்டரியில் ஓடுகிறது'. ஈய அமில பேட்டரி என்றால் வழக்கமாக 54 வோல்ட் அளவில் இருக்கும் மின்னழுத்தம் மெல்ல இறங்கும். கடைசியில் 'மின்னழுத்தம் குறைவு'. சுமார் 43 வோல்ட்டுக்கு வந்ததும் பேட்டரி பாழாகாமல் இருக்க இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். அப்போதுதான் நம் லைன் போகிறது.

கதவு திறப்பு, புகை, அதிக வெப்பம், ரெக்டிஃபையர் பழுது ஆகியவற்றுக்கும் தனித்தனி அலாரம் உண்டு. நம் ஊர் வெயிலில் வெப்ப அலாரத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஏறக்குறைய 10 டிகிரி வெப்பம் கூடினாலே ஈய அமில பேட்டரியின் ஆயுள் பாதியாகக் குறையும்.

அலாரம் கம்பியே அறுந்துட்டா?

அதற்கும் வழி இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும்போது மின்சுற்று மூடியிருக்கும். கோளாறு வந்தால் திறக்கும். கம்பி அறுந்தாலும் சுற்று திறந்துவிடும் என்பதால் அலாரம் வரும். இந்த அமைப்பில் அமைதியைக்கூட ஆபத்தாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் ஏன் லைன் போகுது?

அலாரம் மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவராது. எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அந்த நேரத்துக்குள் யாராவது ஜெனரேட்டரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சாலை மூழ்கியிருந்தால், அலாரம் சரியாக வந்தும் பயனில்லை. பெரிய மின்தடையில் நூற்றுக்கணக்கான அலாரங்கள் ஒரே நேரத்தில் குவியும். எந்தக் கோபுரத்துக்கு முதலில் போவது? அதனால்தான் அவற்றை 'மிகக் கடுமை', 'கடுமை', 'சாதாரணம்' என்று தரம் பிரிக்கிறார்கள்.

2025 ஏப்ரல் 28-ஆம் தேதி ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கியபோது இதே கதைதான். மின்சாரம் நின்ற பிறகும் சில மணி நேரம் தாக்குப்பிடித்த பல கோபுரங்கள், பேட்டரி தீர்ந்ததும் செயலிழந்தன.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'அலாரம் இருக்கா?' என்பதல்ல. தாழ்வான பகுதிகளில் உள்ள நிலையங்களின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? வெள்ளத்திலும் அங்கே போய்ச் சேர வழி இருக்கா? ரேக்குகள் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கா? மழைக்காலத்துக்கு முன்பே பதில் தெரிய வேண்டிய கேள்விகள் இவை.

நம் பக்கம் செய்யக்கூடியது: கரண்ட் போனால் வீடியோ பார்ப்பதை நிறுத்துங்கள், அழைப்புக்குப் பதில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். உங்கள் நிறுவனத்தின் லைன் இல்லாவிட்டாலும் 999-ஐ அழைத்துப் பாருங்கள். பக்கத்தில் இயங்கும் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாக அந்த அழைப்பு போக வாய்ப்பு உண்டு.