எண்ணில் பெயர் தேடும் பிள்ளைகள்

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. மொத்த உறுப்பினர்கள் 40,000 பேருக்கு மேல். அதில் 28,000 பேருக்கு மேல் நம்மவர்கள். அன்று நாட்டில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேராக இருந்த சமுதாயம், அந்தப் பட்டியலில் நூற்றுக்கு எழுபது! அன்று தலைவர்கள் அறிக்கை விட்டார்கள், பத்திரிகைகள் எழுதின. பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

04, 08, 36 என்று கும்பல்களுக்குப் பெயரே எண்தான். அந்த எண்ணை நம் பையன் புத்தகப் பையில் எழுதுகிறான், பஸ் நிற்குமிடத்தில் கிறுக்குகிறான். "வளர்ப்பு சரியில்லை, சினிமா கெடுக்குது" என்று மேடையில் பேசுவது சுலபம். சினிமா எல்லாரும்தான் பார்க்கிறார்கள்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷமும் அவன் இன்னார் மகன். வாத்தியாருக்கு அவன் அப்பனையும் தெரியும், தாத்தாவையும் தெரியும். பதின்மூன்று வயதில் படிவம் ஒன்று, டவுன் பள்ளி. ஆயிரம் பிள்ளைகள். பாடம் பெரும்பாலும் மலாயில். வாய் திறந்தால் கிண்டல் செய்கிறார்கள். கடைசி வரிசைக்குப் போய்விடுகிறான். அங்கே அவன் யார்? யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து நாலு அண்ணன்மார் கேன்டீனில் கூப்பிட்டு உட்கார வைத்து, மீ கோரேங் வாங்கிக் கொடுத்து, "இனிமே உன்னை எவனும் தொட மாட்டான்டா" என்கிறார்கள். "எல்லாரும் இருக்காங்கப்பா, நான் மட்டும் எப்படி?" என்று பிள்ளை சொன்னால் அது சாக்கு இல்லை. சேராதவன் தனியாள், அடி வாங்குகிறவனும் அவன்தான்.

தோட்டம் விற்கப்பட்ட இடங்களில் நிலைமை இன்னும் மோசம். கோயில் வாசல், பந்துத் திடல், இருட்டின பிறகு சுற்றினால் அதட்டுகிற பக்கத்து வீட்டுப் பெரியவர்: அடுக்குமாடிக்குக் குடி போகும்போது இதெல்லாம் லாரியில் ஏறவில்லை. அம்மா ஃபேக்டரியில், அப்பா செக்யூரிட்டி வேலையில். பையன் மாடிப்படியில்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று. 1966 சங்கங்கள் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி, சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே குற்றம். அதன் கூட்டத்துக்குப் போவதும் குற்றம், அதற்குக் காசு கொடுப்பதும் குற்றம். கத்தி எடுத்திருக்க வேண்டியதில்லை. மூன்று வருஷம் வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். "என் மகன் சும்மா கூடப் போனான்" என்று ஸ்டேஷனில் போய் அழுவதில் பயனில்லை.

போலீஸ் பிடிப்பதெல்லாம் பையன் சேர்ந்த பிறகுதான். சேருவதற்கு முந்தின அந்த முதல் மூன்று மாதம் நம் கையில் இருக்கிறது. தோட்டத்தில் நாலாம், ஐந்தாம் படிவம் படிக்கிற நல்ல பையன்கள் இல்லையா? புதிதாகப் போகிற பிள்ளைகளை அவர்கள் கேன்டீனில் தங்களோடு உட்கார வைத்துக்கொள்ளட்டும். சாயங்காலம் ஒரு பந்துக் குழு நடத்த கிளைச் சங்கத்துக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

வரும் கிளைக் கூட்டத்தில் சம்பளப் பேச்சுக்கு முன்னாலேயே இதை எடுங்கள். கடைசியில் எடுத்தால் பாதிப் பேர் மோட்டாரை முடுக்கியிருப்பார்கள்.