முகம் பாராத பிள்ளை



"சாமி, இவன் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, என்மேல் பாசமே இல்லை" என்று கலங்கும் தாய்மார் அம்பத்தூரிலும் உண்டு, ஆவடியிலும் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றியே சொல்கிறேன். (இதனைச் சிலர் 'மதியிறுக்கம்' என எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை, அவர்களுடைய மதி எங்கும் இறுகிப்போகவில்லை.)

நம்மில் பெரும்பாலோர் பிறர் முகத்தில் முதலில் கண்களையே தேடுகிறோம். 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார், ஆட்டிசமுள்ள இளைஞர் சிலருக்கு ஒரு திரைப்படத்தைக் காட்டி, அவர்களின் பார்வை எங்கெங்குச் செல்கிறது என்பதைக் கருவியால் அளந்தனர். மற்றவர்கள் நடிகர்களின் கண்களை நோக்கியிருக்க, இவர்களின் பார்வை வாயிலும் சுற்றியுள்ள பொருள்களிலும் மிகுதியாக நின்றது. பிறர் கண்களை நோக்குவதே பெருந்துன்பமாயிருக்கிறது என்று ஆட்டிசமுள்ள பெரியவர்கள் பலர் கூறியுள்ளனர். மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "என்னைப் பார்த்துப் பேசு" என வற்புறுத்துவதில் என்ன பயன்?

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி ஒன்று உண்டு. அங்குப் பயில்வோர் முகம் பாராமலே, குரலைக் கொண்டு நம் மனநிலையை உணர்கின்றனர். அவர்களை மரியாதையற்றவர் என்று எவரேனும் சொல்வதுண்டா? பெரியவர்முன் தலைகுனிந்து நிற்பதே பணிவு என்றுதானே நம் பாட்டன்மாரும் கற்பித்தனர்!

இப்பிள்ளைகளுக்கு உணர்ச்சியே இல்லை என்பது பெரும்பிழை. தன் உள்ளத்தில் எழுவது கோபமா, அச்சமா, துயரமா என்று தானே பிரித்தறிய இயலாத நிலை ஒன்று உண்டு. ஆட்டிசம் இல்லாதவரிடத்தும் அது காணப்படும். முகக்குறிப்பை அறியத் தடுமாறுவது ஆட்டிசத்தைவிட இந்நிலையோடே தொடர்புடையது என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தாமே ஆட்டிசமுடையவரான இங்கிலாந்துச் சமூகவியலறிஞர் டேமியன் மில்டன், 2012-இல் இன்னொன்றைச் சுட்டினார்: புரிந்துகொள்ளாமை இருதரப்புக்கும் உரியது. அவன் நம் முகத்தைப் படிக்கத் தவறுவதுபோலவே நாமும் அவன் முகத்தைப் படிக்கத் தவறுகிறோம். அவன் கைகளை உதறுவது மகிழ்ச்சியாலா, கலக்கத்தாலா? பெற்றவள் அறிவாள், ஞாயிறு பூசையில் திரும்பிப் பார்த்து முகஞ்சுளிப்பவர் அறியார்.

வீட்டில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. முகத்தால் சொல்வதை வாயாலும் சொல்லுங்கள். "அம்மாவுக்குத் தலைவலி, உன்மேல் கோபமில்லை" என்றால் அவனுக்கு விளங்கும். எதிரே நின்று பேசுவதைவிட, பக்கத்தில் அமர்ந்து ஒரே படத்தை இருவரும் பார்த்தவாறு பேசுவது நன்று. ஐயம் எழுந்தால், முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கப்பெற்ற, பல்வகைக் குறைபாடுடையோர்க்கான நடுவண் அரசு நிறுவனத்தை நாடலாம். நம் பகுதியிலிருந்து தொலைவுதான். ஆயினும், பள்ளியில் சேர்க்கும் வயது வரட்டும் என்று காத்திராமல், ஒருநாள் விடுப்பெடுத்துத் தகப்பனும் உடன் சென்று வாருங்கள்.